லிங்கின் பார்க்: எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

அன்புள்ள அண்ணா,

மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம் என் ஊர். கொழும்பில் வேலை. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடக் கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்தோம். பேச்சு எப்படியோ லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் பேண்ட் பக்கம் போனது. அத்தோடு தீபாவளி கெட்டது.

ஒருவன், “பாடகர் செஸ்டர் பெனிங்டன் 2017இல் செத்துப்போனதோடு அந்த பேண்ட் முடிந்தது. இப்போது அவர் இடத்தில் எமிலி ஆம்ஸ்ட்ராங்கைக் கொண்டுவந்து அதே பெயரில் ஆல்பம் போடுவது ஏமாற்று” என்றான். இன்னொருவன், “அதெல்லாம் 2007லேயே முடிந்துவிட்டது, சத்தத்தைக் குறைத்த அன்றைக்கே” என்றான். மூன்றாமவனுக்குப் புதுப் பாட்டுகளில் பழைய சத்தம் திரும்பி வந்திருப்பதே போதுமாம். எனக்கும் அந்தப் பாட்டுகள் பிடித்திருக்கின்றன. ஆனால் வாய்விட்டுச் சொல்ல ஏதோ துரோகம் செய்வதுபோல் இருந்தது. இவ்வளவு மாறிய பிறகும் ஒரு பேண்ட் அதே பேண்ட்தானா அண்ணா?

பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “நம்ம தப்பும் உறுமியும் அழிஞ்சுகிட்டு இருக்கு, நீங்க அமெரிக்காக்காரனுக்குச் சண்டை புடிக்கிறீங்களா?” என்று கேட்டார். அதற்கும் எங்களிடம் பதில் இல்லை.

ச.

*

அன்புள்ள ச.,

பெரியவரின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். மாசி மாதம் மதன்-ரதி கதை ஆடும் காமன் கூத்துக்குத் தப்படிக்கிற பையனின் போனை வாங்கிப் பாருங்கள். உங்கள் போனில் உள்ள பாட்டில் பாதி அதிலும் இருக்கும். தப்பு அருகிப் போவதற்குக் காரணம் தேட வேண்டிய இடங்கள் வேறு. கலிபோர்னியாவில் தேட வேண்டியதில்லை. பெரியவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள் கூட்டாளிகளின் சண்டையை வாசித்தபோது லாவணிதான் ஞாபகம் வந்தது. மன்மதன் சிவனின் நெற்றிக்கண்ணில் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடியப் பாடும் இல்லையா? அதில் யாரும் ஜெயித்து நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எரிந்த கட்சிக்காரனுக்கு எரியாத கட்சியின் பாட்டும் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பதில் பாட முடியாது. உங்கள் கூட்டத்தில் அந்த அளவுக்கு எதிர்க்கட்சிப் பாட்டைக் கேட்டவர் யாரும் இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை.

2007லேயே முடிந்தது என்கிறவரை எடுத்துக்கொள்வோம். 2000இல் ‘ஹைப்ரிட் தியரி’, 2003இல் ‘மெட்டியோரா’. இரண்டும் ஒரே அச்சு: மூன்று நிமிடப் பாட்டு, மைக் ஷினோடா ராப் சொல்ல, செஸ்டர் பல்லவியில் வெடிக்க, நடுவில் டிஜே ஜோ ஹான் இசைத்தட்டைக் கீறும் சத்தம். 2007இல் தயாரிப்பாளர் ரிக் ரூபினோடு ‘மினிட்ஸ் டு மிட்நைட்’ வந்தபோது மைக் ராப் சொன்னது இரண்டே பாட்டில். அன்றைக்கே உலகம் முழுக்க ரசிகர்கள் ஒப்பாரி வைத்தார்கள். சரி, உங்கள் கூட்டாளி அந்த ஆல்பத்தை 2007இல் கேட்டாரா?

கேட்டிருக்க மாட்டார். நம் பக்கத்தில் அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் போன் கடை வழியாகத்தான் வந்தது. ஹட்டனில் கடைக்காரரிடம் மெமரி சிப்பைக் கொடுத்துவிட்டு பிளேன்டீ குடித்து வந்தால், ‘இங்கிலீஷ்’ என்று ஒரு ஃபோல்டர் ஏற்றி வைத்திருப்பார். அதில் ஏகானும் எமினெமும் லிங்கின் பார்க்கும் கலந்து கிடப்பார்கள். பாதிப் பாட்டுக்குப் பெயரே இருக்காது, ‘டிராக் 03’ என்று மட்டும் இருக்கும். மெட்டியோராவுக்குப் பக்கத்திலேயே மினிட்ஸ் டு மிட்நைட். எது முந்தியது, எது பிந்தியது என்று அந்த சிப்புக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நமக்கு அந்த பேண்ட் ஒரு காலத்திலும் மாறவில்லை. சத்தமான பாட்டும் அடங்கிய பாட்டும் ஒரே நாளில் வந்து இறங்கின, இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டோம். ‘மாறிவிட்டார்கள்’ என்ற வருத்தம் ஆல்பத்துக்கு ஆல்பம் வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுடையது. அதை நாம் பிறகு இன்டர்நெட்டில் இருந்து இரவல் வாங்கியிருக்கிறோம்.

இரவலை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் காதை மட்டும் நம்பினால் வேறு ஒன்று தெரிகிறது. இந்த பேண்டின் உயிர் கிதாரின் சத்தத்தில் இல்லை. ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்லும் இரண்டு குரல்களில் இருக்கிறது. எனக்கு இதுதான் அளவுகோல்.

2010இல் வந்த ‘எ தவுசண்ட் சன்ஸ்’ ஆல்பத்தைப் பாதி ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். கிதார் எங்கே என்று கேட்டார்கள். எனக்கு அதுதான் அவர்களின் உச்சம். அணுகுண்டைச் சுற்றி முழு ஆல்பத்தையும் கட்டியிருக்கிறார்கள். அணுகுண்டு செய்த விஞ்ஞானி ஓப்பன்ஹைமரின் குரலே அதில் வருகிறது, கீதை வரியோடு. ஆல்பத்தின் பெயரும் விசுவரூபத்தைப் பார்த்து, ஆயிரம் சூரியன் ஒன்றாக உதித்தது போல என்று சொல்லும் சுலோகத்துக்கே போகிறது. (அர்ச்சுனன் தபசு கூத்தில் மரம் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அர்ச்சுனன் இந்த வழியாகவும் வந்து சேர்ந்தான்!) கிதார் குறைவுதான், ஆனால் இரண்டு குரலும் ஒன்றை ஒன்று விடவில்லை. 2014இல் ‘தி ஹண்டிங் பார்ட்டி’ ரசிகர்கள் கேட்ட சத்தத்தை அள்ளிக் கொடுத்தது. டாம் மொரெல்லோ, டாரன் மலக்கியான் என்று வேறு பேண்ட்களின் கிதார்காரர்கள் விருந்தாளிகளாக வேறு. அதை நான் இப்போது எடுத்துக் கேட்பதே இல்லை. 2017 மே மாதம் வந்த ‘ஒன் மோர் லைட்’ பாப் ஆகிவிட்டது என்றார்கள். ஆகட்டும். அதில் செஸ்டரின் பாட்டு அபாரம். ஆனால் ஒருவர் பாடினால் மற்றவர் ஒதுங்கிக்கொள்கிறார். குறை எனக்கு அங்கேதான் பட்டது. இரண்டு மாதத்தில், ஜூலை 20ஆம் திகதி, செஸ்டர் இறந்தார். திட்டியவர்கள் பலர் அதன் பிறகு அந்த ஆல்பத்தை மறுபடி கேட்டார்கள்.

செஸ்டர் இல்லாமல் அந்தப் பெயர் எதற்கு என்கிறவருக்கு வருவோம். அவர் பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கூத்தில் மதன் வேஷக்காரர் போனால் அடுத்த மாசிக்கு இன்னொருவர் ஆடுவார், ரதிக்கே ஆண்தான் வேஷம் கட்டுவார், நாம் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் மதன் வேஷம் ஊருடையது. செஸ்டரின் கதறலை அப்படி ஊருடையது என்று சொல்லிவிட முடியாது. சின்ன வயதில் தனக்கு நடந்த கொடுமையை அவரே வெளியில் பேசியவர். அது அவர் உடம்பிலிருந்து வந்த சத்தம்.

இருந்தாலும் ‘பிரேக்கிங் த ஹாபிட்’ பாட்டை எடுங்கள். செஸ்டர் தன் சொந்தக் கதையைச் சொல்கிறார் என்றுதான் கேட்கிற எல்லாரும் நினைப்போம். வரிகளை எழுதியவர் மைக் ஷினோடா. அது தன் வாழ்க்கையாகவே பட்டதால் பதிவு செய்யும்போது செஸ்டர் திணறிப் போனார் என்பது அந்த பேண்டின் ரசிகர்களுக்குத் தெரிந்த கதை. ஒருவர் எழுத இன்னொருவர் உடைந்து பாடியதைத்தான் நாம் செஸ்டரின் குரல் என்கிறோம். அதோடு, செஸ்டரும் முதல் பாடகர் இல்லை. 1996இல் ‘ஸீரோ’ என்ற பெயரில் தொடங்கியபோது வேறொருவர் பாடினார், செஸ்டர் 1999இல்தான் வந்தார். புது ஆல்பத்துக்கு ‘ஃப்ரம் ஸீரோ’ என்று பெயர் வைத்தவர்கள் அதைச் சும்மா வைக்கவில்லை.

புதுப் பாட்டுகளைப் பற்றி என் கருத்தையும் கேட்பீர்கள். ‘தி எம்ப்டினெஸ் மெஷின்’ நல்ல பாட்டு. முதல் சரணமும் முதல் பல்லவியும் மைக் தனியே பாடுகிறார். இரண்டாவது சரணத்தில்தான் எமிலி நுழைகிறார். பழைய பேண்டை நம் முன்னால் நிறுத்தி, நம்மைப் பழக்கிவிட்டு, அப்புறம் கதவைத் திறக்கிறார்கள். நல்ல தந்திரம். ‘ஹெவி இஸ் த கிரௌன்’ பாட்டில் எமிலி மூச்சுப் பிடித்துக் கத்துவதை ஆட்கள் கடிகாரம் வைத்து அளக்கிறார்கள், ‘கிவன் அப்’ பாட்டில் செஸ்டர் கத்திய 17 நொடியோடு ஒப்பிட. இது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இடமும் கொஞ்சம் பரீட்சை எழுதுவதுபோல்தான் இருக்கிறது. ‘ஓவர் ஈச் அதர்’ ஏறக்குறைய முழுக்க எமிலியின் பாட்டு. குரல் கம்பீரம், ஆனால் மைக் எங்கே என்று காது தேடுகிறது. உங்கள் மூன்றாவது கூட்டாளிக்குப் போதுமாக இருக்கும் அந்தப் பழைய சத்தம் எனக்குப் போதவில்லை. இருவரும் எதிரெதிரே நின்று பேசும் பாட்டு ஆல்பத்தில் எத்தனை இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: இரண்டு குரல்களுக்கு நடுவே அந்தக் கேள்வி பதில் இருந்தால் அதே பேண்ட். இல்லையென்றால் செஸ்டரே எழுந்து வந்து பாடினாலும் இல்லை. புதுப் பாட்டு பிடித்திருப்பதில் துரோகம் எங்கே வந்தது?

ஆல்பம் 2024 நவம்பர் 15ஆம் திகதி வந்தது. அடுத்த லீவுக்கு எல்லாரும் ஊருக்கு வருவீர்கள். ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் கேளுங்கள், அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். கேட்டுவிட்டு 2007 கூட்டாளி புது ஆல்பத்தை ஆதரித்து எழுத வேண்டும், நீங்கள் எதிர்த்து எழுத வேண்டும். இரண்டு கடிதத்தையும் அனுப்பினால் இங்கே போடுகிறேன்.

அன்புடன்.