வீட்டு மின்சாரமும் கரியமில வாயுவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எல்லா விளக்குகளையும் எல்.இ.டி.க்கு மாற்றியும் மின் பயன்பாடு பெரிதாகக் குறையவில்லையே, ஏன்?

வீட்டு மின்சாரத்தில் பெரும் பங்கைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் எடுத்துக்கொள்கின்றன. விளக்கின் பங்கு சிறியது. ஒரு வாளித் தண்ணீரின், அதாவது 20 லிட்டரின் வெப்பத்தை 30 டிகிரி செல்சியஸ் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 0.7 யூனிட் செலவாகும். அந்த மின்சாரத்தில் 9 வாட் விளக்கு ஒன்று மூன்று நாட்களுக்கு மேல் இடைவிடாமல் எரியும். விளக்கை மாற்றியது வீண் அல்ல. ஆனால் அடுத்து நீங்கள் கவனிக்க வேண்டியது குளியலறையில் இருக்கும் கீசரைத்தான்.

டி.வி.யை ரிமோட்டில் மட்டும் அணைத்தால் மின்சாரம் வீணாகுமா?

ஆகும், ஆனால் சிறிதளவே. 5 வாட் இழுக்கும் கருவி ஆண்டு முழுவதும் அப்படியே இருந்தால் 44 யூனிட் அளவுக்குச் செலவாகும். சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கம்; அதற்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுந்து போக வேண்டியதில்லை.

கேஸ் அடுப்பை விட்டுவிட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் உமிழ்வு குறையுமா?

அடுப்பை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, அதன் வெப்பத்திலும் ஏறக்குறைய பாதி பாத்திரத்தைச் சேராமல் பக்கவாட்டில் போய்விடுகிறது. இண்டக்‌ஷனில் அந்த இழப்பு மிகக் குறைவு. ஆயினும் நிலக்கரியில் உற்பத்தியாகும் மின்சாரத்தின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு கிலோவை ஒட்டிய கரியமில வாயு அனல் மின் நிலையப் புகைபோக்கியில் வெளியேறுவதால், முழுக்க நிலக்கரியை நம்பிய மின்சாரத்தில் சமைக்கும்போது கேஸ் அடுப்பைவிட அதிக உமிழ்வே ஏற்படும். நீர், காற்று, சூரிய ஒளி ஆகியவற்றின் பங்கு மின் கட்டமைப்பில் கூடக்கூட இந்தக் கணக்கு இண்டக்‌ஷன் பக்கம் சாயும். என்னைக் கேட்டால், கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் பகல் சமையலையாவது உடனே மாற்றிக்கொள்ளலாம். சமையலறைக்குள் புகை வராது என்பது தனி ஆதாயம்.

எங்கள் ஏ.சி.க்கு ஆண்டுதோறும் கேஸ் நிரப்புகிறோம். இதனால் சூழலுக்குக் கேடு உண்டா?

உண்டு, இந்தத் தொகுப்பிலேயே முக்கியமான கேள்வி இது. ஏ.சி.யில் உள்ள வாயு எரிபொருளைப் போலத் தீர்ந்துபோவதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஆகவே ஆண்டுதோறும் நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். பல ஏ.சி.களில் இருக்கும் ஆர்-410ஏ வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் சுமார் 2,000 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. அதில் ஒரு கிலோ கசிந்தால், நிலக்கரி மின்சாரம் 2,000 யூனிட் செலவழித்ததற்குச் சமமான பாதிப்பு நேரும். 2016-இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் உலக நாடுகள் இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க உடன்பட்டதற்குக் காரணம் இதுவே. வேறு சில ஏ.சி.களில் இருக்கும் ஆர்-32 வாயுவின் தாக்கம் ஆர்-410ஏ-யினதில் மூன்றில் ஒரு பங்கு. பழுது பார்க்க வருபவர் கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே வாயுவை நிரப்பச் சொல்லுங்கள், பழைய ஏ.சி.யைக் கழிக்கும்போதும் உள்ளே இருக்கும் வாயுவை வெளியே திறந்துவிடாமல் உருளையில் பிடித்துக்கொள்பவரிடமே கொடுங்கள்.