கரையோரச் சைக்கிள் பயணம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நானும் மனைவியும் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை சைக்கிளில் போய், வழியில் கூடாரமடித்துத் தங்க யோசிக்கிறோம். எத்தனை நாள் வேண்டும்? எந்த மாதம் நல்லது? (களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: தூரம் ஏறக்குறைய 105 கிலோமீற்றர்தான், ஏற்றமும் இல்லை. வெறும் சைக்கிளில் ஒரே நாளில் போய்விடலாம். சுமையோடு இரண்டு பேர் என்றால் மூன்று நாள் வையுங்கள். முதல் நாள் கல்முனைப் பக்கம், இரண்டாம் நாள் திருக்கோவில், மூன்றாம் நாள் காலையில் பொத்துவில்.

மே முதல் செப்டெம்பர் வரை மழைத் தொல்லை குறைவு. வெயிலும் கச்சான் காற்றும்தான் தொல்லை. விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குள் அன்றைய ஓட்டத்தை முடியுங்கள். அதற்குப் பிறகு கடல்காற்று எழும்பி, தெற்கே போகிறவருக்கு இடது கன்னத்தில் அறையும். மெல்ல மிதிப்பவர் முன்னால் போகட்டும். பலசாலி முன்னால் போனால் அரை மணித்தியாலத்தில் இருவருக்கும் இடையில் ஒரு கிலோமீற்றர் விழும், பிறகு கோபமும் விழும். கூடாரமும் தண்ணீரும் பலசாலியின் கரியரில் ஏறட்டும்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் ஜும்ஆவுக்காகக் கடைகள் பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் பகல் சாப்பாட்டுக் கடையை நம்ப வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 5 லீற்றர் என்று கணக்கு வையுங்கள். ஜீவனிப் பைக்கற்றுகளும் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) கொண்டுபோங்கள், ஒன்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர்.

கேள்வி: கரியரில் 20 கிலோ ஏற்றினால் பின் சில்லில் கம்பி முறிகிறது. இரண்டு முறை மாற்றியும் அதே கதை. (ஆரையம்பதி வாசகர்)

பதில்: பாரத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தளர்ந்த கம்பிதான் முறிகிறது. சில்லு சுற்றும் ஒவ்வொரு தடவையும் தளர்ந்த கம்பி இளகி இறுகி, ஹப்பின் (சில்லின் நடுக் குடத்தின்) ஓட்டைக்குள் வளைகிற முழங்கை இடத்தில் களைத்துப்போய் அறும். முறிந்ததை எடுத்துப் பாருங்கள், அநேகமாக அந்த வளைவிலேயே அறுந்திருக்கும். கடையில் முறிந்த ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற 35 கம்பிகளையும் தொடாமல் தந்தால் அடுத்தது முறியத்தான் செய்யும். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துள்ள கம்பிகளைச் சோடி சோடியாக விரலால் நெரித்துப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். கியர் சைக்கிளில் செயின் பக்கத்துக் கம்பிகள் மற்றப் பக்கத்தைவிட இறுக்கமாக இருப்பது சரி.

சுமையை ஆளுக்கு 12 கிலோவுக்குள் அடக்குங்கள். உரப்பை இரண்டைத் தைத்துக் கரியரின் இரு பக்கமும் தொங்கவிட்டு, பாரமானதை அடியில் வையுங்கள். மிதிக்கும்போது குதிக்கால் பையில் இடிக்காத அளவுக்குப் பின்னால் தள்ளிக் கட்டுங்கள். கரியர் ஆணிகளுக்கு ஸ்பிறிங் வொஷர் போடாவிட்டால் கல்லாற்றுப் பாலம் தாண்டுமுன் ஒன்று கழன்றிருக்கும்.

மாற்றுக் கம்பி நான்கு, அதே நீளத்தில், சட்டத்தோடு சேர்த்து ஒட்டிக் கொண்டுபோங்கள். செயின் பக்கத்துக் கம்பியை மாற்ற ஃப்ரீவீலை (பின் சில்லின் பற்சக்கரத்தை) கழற்ற வேண்டும், அதற்கான கழற்றியை உங்கள் ஃப்ரீவீலுக்குப் பொருத்திப் பார்த்தே வாங்குங்கள். கழற்றி இல்லாத இடத்தில் முறிந்ததைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, ரிம்மில் அதற்கு இரு புறமும் உள்ள கம்பிகளை (அவை எதிர்ப்பக்கத்தவை) அரைச் சுற்று இளக்குங்கள். ரிம் பிரேக்கில் உரசாமல் அடுத்த ஊர் வரை ஓடும்.

கேள்வி: மணலில் கூடார ஆணி நிற்குமா? இடம் எப்படிப் பார்ப்பது? (நிந்தவூர் வாசகி)

பதில்: நிற்காது. சொப்பிங் பேக்கில் மணலை நிரப்பி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். தென்னை மட்டைத் துண்டைக் கயிற்றுக்குக் குறுக்காகக் கிடத்திப் புதைத்தாலும் சரி. போகும்போது பையைத் தோண்டி எடுங்கள்.

அடம்பன் கொடி படர்ந்த இடத்துக்கு மேலே, நிலப் பக்கமாக அடியுங்கள். அலை அடிக்கடி ஏறும் மணலில் அந்தக் கொடி நிலைப்பதில்லை. இராவணன் மீசைப் புல்லின் மேல் விரித்தால் கூடாரத்தின் அடித்துணி குத்துப்படும். தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம், காரணம் தலைக்கு மேலே தொங்குகிறது. கரைவலை இழுக்கும் பாட்டிலும் (வலை இழுக்கவென்று ஒதுக்கிய கரைத் துண்டு) அடிக்காதீர்கள். விடியுமுன் வலைக்காரர் வந்துவிடுவார்கள், இடம் அவர்களுடையது. முதல் நாள் மாலையே மீன் வாடியில் இருப்பவர்களிடம் கேளுங்கள், கூடாரமடிக்க நல்ல இடத்தை அவர்களே காட்டுவார்கள். இருவரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். கடற்கரையில் இரவு தங்கும் சோடியிடம் ஊரார் கேள்வி கேட்பார்கள், அதில் தப்பில்லை.

கேள்வி: ஒட்டுப்போட்ட ரியூப் அடுத்த நாளே காற்றுப் போகிறது. (தம்பிலுவில் வாசகர்)

பதில்: நெருஞ்சி முள். ரியூபை ஒட்டினீர்கள், ரயருக்குள் முறிந்து நிற்கும் முனையை எடுக்கவில்லை. பஞ்சுத் துண்டால் ரயரின் உட்புறத்தைச் சுற்றித் துடையுங்கள், பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே முள். சாவணத்தால் பிடுங்குங்கள். ஒட்டுமுன் உப்பையும் மணலையும் நன்னீரால் கழுவி, காய்ந்தபின் தேய்த்து, சொலூஷன் பசபசப்பு அடங்கிய பிறகே ஒட்டை வையுங்கள். செயினுக்குக் கிறீஸ் பூசாதீர்கள். மணல் அதில் ஒட்டிச் சாணைக்கல்லாகிவிடும். துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

கேள்வி: பொத்துவிலுக்கு அப்பால் உகந்தை வரை கூடாரத்தோடு போகலாமா? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: வேண்டாம். திருக்கோவிலைத் தாண்டினாலே, கோமாரி, சங்கமன்கண்டிப் பக்கங்களில் யானை நடமாட்டம் உண்டு. அந்தத் துண்டை மட்டும் நன்றாக விடிந்தபிறகு புறப்பட்டு, வெயில் இருக்கும்போதே கடந்துவிடுங்கள். அறுகம்பையில் அறை எடுத்துத் தங்குங்கள். பாணமைக்கு அப்பால் காட்டு வழி, அதோடு குமண பூங்காவுக்குள் சைக்கிளை விடமாட்டார்கள். உகந்தை முருகனைக் கும்பிட ஆசையென்றால் சைக்கிளைப் பொத்துவிலில் விட்டுவிட்டு, பகலில் வாகனத்தில் போய் வாருங்கள்.