தடைக்காலமும் கல்லூரிக் கட்டணமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இராமநாதபுரம் மாவட்டக் கரையோர ஊர்களிலிருந்து வந்தவை. அந்த மாவட்டக் கல்லூரிகளில் நெடுங்காலம் கற்பித்தவன் என்பதால், அவற்றில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர்; பிடிபடும் மீனின் வருமானத்தில் கிடைக்கும் பங்குதான் அவருடைய கூலி. மகள் தனியார் கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டை முடித்திருக்கிறாள். ஜூன் மாதத்துக்குள் அடுத்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, கடலுக்குப் போய்வந்ததில் இன்னும் ஒரு பாடுகூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. “நான் நின்றுகொள்கிறேன் அம்மா, தம்பி படிக்கட்டும்” என்று மகள் சொல்கிறாள். நின்றாலும் பாக்கியைக் கட்டாமல் சான்றிதழ்களைத் தர முடியாது என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: அம்மா, மகளை நிறுத்த வேண்டாம். மூன்றாண்டுப் படிப்பில் இரண்டாண்டைக் கடந்தவள் இப்போது நின்றால், வேலைக்குப் போகும் இடமெல்லாம் அவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவளாகவே கருதப்படுவாள். கட்டிய பணமும் படித்த படிப்பும் கணக்கில் வராமல் போய்விடும்.

உங்கள் நெருக்கடிக்கு உங்கள் குடும்பத்தில் எவரும் காரணமில்லை. கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்வளம் பெருக அந்தத் தடை தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கல்லூரிகள் தேர்வுக் கட்டணத்தைக் கேட்பது ஏப்ரலில், அடுத்த ஆண்டுக் கட்டணத்தைக் கேட்பது ஜூனில். வீட்டில் வருமானமே இல்லாத இரண்டு மாதங்களின் இரு முனைகளிலும் கல்லூரிச் செலவு வந்து நிற்கிறது. அரசு தரும் 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணம் அரிசிக்கும் பழைய கடனின் வட்டிக்குமே போதாது. தடை முடிந்த கையோடு படகு இறக்குவதற்கு டீசல், ஐஸ், வலைச் செலவு என்று முதலாளியும் கடன் வாங்குகிறார். அந்தக் கடன் முதல் சில பாடுகளிலேயே கழிக்கப்படுவதால் பங்குக்காரர் கைக்குப் பணம் வர ஜூலையும் ஆகிவிடுகிறது.

ஒரு ஜூன் மாதம் கல்லூரி அலுவலகச் சன்னலருகே நான் பார்த்ததை இங்கே சொல்ல வேண்டும். கடற்பாசி எடுக்கும் பெண் ஒருவர் மகனின் கட்டணத்தைக் கட்ட வந்திருந்தார். பாறையில் கிழியாமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாசி பறிப்பவர்கள் அவர்கள். அப்படியும் அவருடைய விரல் நுனிகள் வெடித்திருந்தன. முந்தானை முடிச்சிலிருந்து நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து, ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒவ்வொன்றையும் பிரித்து வைத்தார். எழுநூறு ரூபாய் குறைந்தது. எழுத்தர் தாள்களை அப்படியே திருப்பித் தள்ளி, முழுத் தொகையோடு வரச் சொன்னார். அடுத்த வாரம் அந்தப் பையன் வகுப்பில் இல்லை. அவனை வீட்டுக்குப் போய் அழைத்துவர எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. இதுபோல் அழைக்க ஆளில்லாமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேரோ.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. முதல்வருக்கு மகளின் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தடைக்காலத்தைக் காரணமாகக் குறிப்பிட்டு, கட்டணத்தை ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் என மூன்று தவணைகளில் கட்ட அனுமதி கேளுங்கள். வாயால் கேட்டால் எழுத்தரோடு நின்றுவிடும். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியிட்ட முத்திரை வாங்கிக்கொண்டால் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். கணவரின் மீனவர் அடையாள அட்டை நகலையும் இணையுங்கள்.

மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வரும். உங்கள் ஊரில் பலர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்தவர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன்: 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம், 2024 டிசம்பர் இறுதியில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. முன்பு தகுதியில்லை என்று திருப்பியிருந்தால் மறுபடியும் கேளுங்கள். மகன் கல்லூரிக்குப் போகும்போது அவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. ஒருவருக்காக மற்றவர் நிற்க வேண்டிய நிலை இல்லை என்பதை மகளிடம் சொல்லுங்கள்.

கல்விக் கடன் முதலாண்டில் மட்டும்தான் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இடையில் உள்ள ஆண்டுக்கும் கேட்கலாம். 4 இலட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. திருப்பிச் செலுத்துவதும் படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகுதான் தொடங்கும். ஆயினும் கந்துவட்டிக்கு வாங்குவதற்குப் பதிலாக மட்டுமே இந்த வழியை எடுங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இதைத் தெளிவாகத் தடை செய்கிறது. சரிபார்த்ததும் அசலைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அந்த அறிவிக்கையைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: நான் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவோடு விசைப்படகில் போவதால் வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டது. தேர்வெழுத விட மாட்டோம் என்கிறார்கள். கடலுக்குப் போனால்தான் கட்டணம் கட்ட முடியும், போனால் தேர்வெழுத முடியாது என்றால் நான் எங்கே போவது?
— மாணவர், பாம்பன்

பதில்: தம்பி, உன் கோபம் நியாயமானது. ஆனால் இதில் கணக்குப் போட்டுப் பார்க்க இடமிருக்கிறது. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள் என்று வைத்துக்கொள். 75 விழுக்காடு என்றால் 68 நாட்கள் வர வேண்டும். 22 நாட்கள் விடுபடலாம். இராமேசுவரம் பகுதி விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்புகின்றன. புதன்கிழமை போனால் புதனும் வியாழனும் போகும். பதினெட்டு வாரத்தில் 36 நாட்கள் கழிந்து உன் வருகை 60 விழுக்காடாகிவிடும். சனிக்கிழமை போய் ஞாயிறு காலை கரை திரும்பினால் ஒரு வகுப்பும் போகாது. ஆகவே அப்பாவிடம் பேசி, பருவம் நடக்கும் மாதங்களில் சனிக்கிழமை மட்டும் கடலுக்குப் போ. திங்கள், புதன் நாட்களுக்கு வேறு ஆள் ஏற்றிக்கொள்ளட்டும்.

இந்தப் பருவத்துக்கு: பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 65 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அபராதத் தொகை கட்டித் தேர்வெழுதலாம். அதற்கும் கீழே என்றால் முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும். அப்பா சிறைப்பட்டோ படகு பறிபோயோ நீ போக நேர்ந்திருந்தால் அதை மறைக்காமல் எழுது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போன வீட்டில் மூத்த மகன் என்னவாகிறான் என்பது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். காரைக்குடியில், பல்கலைக்கழக அலுவலகத்தில் கோப்பைப் பார்ப்பவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. விளையாட்டுக்கும் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கும் வருகைச் சலுகை தருகிற பல்கலைக்கழகம், கடலோரக் கல்லூரிகளில் இதற்கும் ஒரு விதி எழுதலாம். எழுத வேண்டும் என்று இந்தப் பக்கத்தின் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் அரசுக் கல்லூரித் துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர்கள்தாம். நன்றாக நடத்துகிறார்கள், ஆனால் நிலையாக இருப்பதில்லை. இரண்டு ஆண்டில் ஒரே தாளுக்கு மூன்று பேர் மாறிவிட்டார்கள். ஏன் இப்படி?
— மாணவி, சாயல்குடி

பதில்: நீ கேட்டிருப்பது இன்றைய உயர்கல்வியின் அடிப்படைச் சிக்கலை அம்மா. 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது கல்லூரி வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது உயர்கல்வியில் சேர்ந்திருப்போரின் விகிதம், 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. இது பெருமைக்குரிய எண்தான். திருவாடானை, கடலாடி, முதுகுளத்தூர், இராமேசுவரம் என்று பக்கத்திலேயே அரசுக் கல்லூரிகள் வந்ததால் மதுரைக்குப் போக வழியில்லாத பெண்கள் பட்டம் பெற்றார்கள். ஆனால் கட்டடமும் இடமும் பெருகிய வேகத்தில் ஆசிரியப் பணியிடங்கள் நிரப்பப்படவில்லை.

கௌரவ விரிவுரையாளருக்குத் தமிழ்நாட்டில் மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம், அதுவும் ஆண்டில் பதினொரு மாதங்களுக்கு. மானியக் குழு 2019-இலேயே மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. முனைவர் பட்டமும் தகுதித் தேர்வும் முடித்த ஒருவர் மே மாதம் சம்பளமில்லாமல் இருந்துவிட்டு, ஜூனில் வேறு வேலை கிடைத்தால் போய்விடுகிறார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் அறிவிக்கை வெளியிட்டதும் தேர்வு தள்ளிப்போனதும் உங்கள் ஆசிரியர்கள் பலருடைய வீட்டுக் கதை.

பல்கலைக்கழக மட்டத்தில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. கல்வி 1976-இல் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியே, ஒன்றிய அரசும் மாநில அரசும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனது. துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதில் வேந்தரான ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் எழுந்த பிணக்கில் பல பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் துணைவேந்தரின்றி இருந்தன. பட்டச் சான்றிதழில் கையொப்பமிட வேண்டியவர் அவர். தொலைநிலைக் கல்வி வருமானம் சுருங்கியபின் ஓய்வூதியத்துக்கே திணறும் நிறுவனங்கள் புதிய பணியிடங்களைப் பற்றி யோசிப்பதில்லை. துணைவேந்தர் பிணக்கில் எந்தப் பக்கம் சரி என்பதைச் சட்டம் அறிந்தோர் பேசட்டும். அதுவரை உன் வகுப்பில் மூன்றாவது ஆசிரியர் முதல் அலகிலிருந்து மறுபடியும் தொடங்குகிறார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு தாளுக்கும் எந்தத் தேதியில் எந்த அலகு வரை நடந்தது என்பதை வகுப்பில் ஒருவர் குறித்து வைத்து, புதிதாக வருபவரிடம் முதல் நாளே கொடுங்கள். எங்கள் மாணவியர் சிலர் இதைச் செய்து ஒரு தாளைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: மாணவர்கள் ஒப்படைவுகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கித் தருகிறார்கள். நாற்பது பேரும் ஒரே பதில். தடுப்பது எப்படி?
— விரிவுரையாளர், கீழக்கரை

பதில்: கேள்வியை மாற்றுங்கள். “சந்தைப்படுத்துதலை விளக்குக” என்று கேட்டால் நாற்பது பேரும் ஒன்றையேதான் தருவார்கள். உங்கள் ஊர்க் கடற்கரை ஏலத்தில் நண்டின் விலை காலை ஆறுக்கும் எட்டுக்கும் இடையே ஏன் மாறியது என்று கேளுங்கள். போய்ப் பார்த்தவர்தான் எழுத முடியும். எழுதியதைப் பற்றி ஆளுக்கு மூன்று நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள். மாணவர் பலர் செயலியை நாடுவது சோம்பலால் அன்று, ஆங்கிலத்துக்கு அஞ்சி. ஆங்கில வழியில் படித்தாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத அனுமதிக்குமாறு மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. ஒப்படைவையும் தமிழில் எழுத விடுங்கள்.

கேள்வி: மகன் கடல்வாழ் உயிரியல் படிக்க விரும்புகிறான். “கடலைத் தெரிந்துகொள்ளக் காலேஜுக்குப் போகணுமா” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நான் நாட்டுப்படகு வைத்திருப்பவன். அவனை அனுப்பலாமா?
— ஒரு தந்தை, மண்டபம்

பதில்: தாராளமாக அனுப்புங்கள். 1947 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலம் தலைமையிடமாகக் கொண்டிருந்ததே உங்கள் மண்டபத்தைத்தான். தலைமையிடம் 1971-இல் கொச்சிக்குப் போனபின்னும் அதன் மையம் அங்கே இயங்குகிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோரவியல் துறை தொண்டி வளாகத்தில் இருக்கிறது. மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டத்துக்கு நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் தனியே விண்ணப்பம் பெறுகிறது. 1977-இல் தொடங்கிய தூத்துக்குடிக் கல்லூரி அதன்கீழ் வருகிறது. உங்கள் மாவட்டத்திலேயே வளமாவூரில் கடற்பாசிப் பூங்கா எழுகிறது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளும் உங்கள் மகன் வளர்ந்த கடலில்தான் இருக்கின்றன.

இவ்வளவும் இருந்தும், அந்த ஆய்வகங்களில் கரையோரப் பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்களாக நான் கண்டது மிகக் குறைவு. ஆராய்ச்சிக்கு வந்தவர்களைத் தீவுக்கு ஏற்றிப்போகும் படகோட்டிகளாகவே அதிகம் கண்டிருக்கிறேன். உறவினர்களுக்கு அதைச் சொல்லுங்கள்.

சேர்க்கைக்கு முன் மகனை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். ஒரு மாதம் உங்கள் படகு கரை வரும்போதெல்லாம் தேதி, காற்று கச்சானா கொண்டலா வாடையா என்பது, எத்தனை பாகம் ஆழத்தில் வலை விட்டீர்கள், என்னென்ன மீன் எத்தனை கிலோ, ஊரில் அதற்கு வழங்கும் பெயர் என்ன என்று ஒரு நோட்டில் எழுதட்டும். மண்டபத்தில் ஆய்வாளர் எவரையாவது பார்க்கப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் கொண்டு போகட்டும். அதிலுள்ள ஊர்ப் பெயர்களுக்கு அறிவியல் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால், அவனுடைய முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.