எம்ஆர்ஐயில் டிஸ்க் பிதுக்கம், பிசியோதெரபிஸ்ட் சொல்வதோ தசை முடிச்சு: என் கழுத்து வலிக்கு எது காரணம்?

நீங்களும் நாள் முழுவதும் குனிந்து வேலை பார்ப்பவராகத்தான் இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லேன்; தமிழாசிரியன்.

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்த வாரத்தில் வலப்பக்கக் கழுத்தில் தொடங்கிய வலி, காதின் பின்புறமாக ஏறி நெற்றிப்பொட்டில் வந்து நின்றது. முகாமில் எங்களுக்குக் கிடைப்பது சிறு பிள்ளைகளுக்கான பெஞ்சு. வளர்ந்த ஆள் அதில் நாள் முழுக்கக் குனிந்திருந்தால் கழுத்து என்ன ஆகும் என்று எந்த அதிகாரியும் யோசித்ததாகத் தெரியவில்லை. எம்ஆர்ஐ அறிக்கையில் சி5-சி6 எனப்படும் கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளிடையே டிஸ்க் பிதுக்கம், அதாவது நடுவிலுள்ள மெத்தை போன்ற வட்டு புடைத்திருக்கிறது என்று வந்தது. மருத்துவர் படத்தைப் பார்த்தார். என் கழுத்தைத் தொடவில்லை. ஆறு வாரம் கழுத்தை அசையாமல் பிடிக்கும் காலர் அணிந்து, கரும்பலகையிலிருந்து மாணவர் பக்கம் உடம்போடு திரும்பிப் பாடம் நடத்தினேன். வலி அப்படியே இருந்தது.

அடுத்துப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அம்மையார், கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவிலுள்ள சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே திரட்டிப் பிடித்தார். உள்ளே முறுக்கிய கயிறுபோல் ஒன்று ஓடியது. அதில் ஓரிடத்தை அழுத்தியதும் தசை வெடுக்கென்று துள்ள, நெற்றிப்பொட்டில் அதே வலி தெறித்தது. "இந்த வலிதானே சார்?" என்றார். அதுவேதான்.

அழுத்துமிடத்தில் மட்டுமன்றி எட்ட இருக்கும் இடத்திலும் வலியைக் காட்டுகிற இந்த முடிச்சைத்தான் ட்ரிக்கர் பாயிண்ட் என்கிறார்கள். அதிபர் கென்னடிக்கு வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல், டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து 1983இல் வெளியிட்ட நூலில், எந்தத் தசையின் முடிச்சு எங்கே வலிக்கும் என்று படம் வரைந்தே காட்டியிருக்கிறார். தசையின் ஒரு சிறு பகுதி சுருங்கியபடியே நின்று, தன் ரத்த ஓட்டத்தைத் தானே நெரித்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இது நிரூபணமாகாத கொள்கை என்று சண்டைக்கு வருவோர் இருப்பார்கள். விளக்கத்தில் சர்ச்சை உண்டு. இருவர் தடவிப் பார்த்தால் ஒரே இடத்தைச் சொல்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் ஸ்கேன் மட்டும் தீர்ப்பாகிவிடுமா? ஜப்பானில் கழுத்துக் கோளாறின் அறிகுறியே இல்லாத 1,211 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த, 2015இல் வெளியான ஆய்வில், 87.6 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. என் பிதுக்கம் வலிக்கு முன்பே இருந்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: கை மரத்துப்போவது, பிடி தளர்வது, நடை தடுமாறுவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் முடிச்சை நீவிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

எனக்கு அழுத்த சிகிச்சையும் கழுத்தை மெல்லச் சாய்த்து இழுக்கும் பயிற்சியுமாக மூன்று வாரத்தில் தலைவலி நின்றது. தானாகவே நின்றிருக்கும் என்பவரோடு வாதிட மாட்டேன். முகாமுக்கு இப்போது சாய்வுப் பலகை ஒன்றை எடுத்துச் செல்கிறேன். உடன் திருத்துவோர் கணக்குப்பிள்ளை என்று அழைக்கிறார்கள்.