ஸ்லீவ் சத்திரசிகிச்சைக்குப் பிறகு 9 கிலோ திரும்ப ஏறினால்

இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துச் சிறிதாக்கும் ஸ்லீவ் சத்திரசிகிச்சைக்குப் பிறகு 9 கிலோ திரும்ப ஏறிவிட்டது, அது தோற்றுவிட்டதா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சத்திரசிகிச்சை தோற்கவில்லை, அக்கா. இரண்டு வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் எடை திரும்புவது பலருக்கும் நடப்பது. 9 கிலோ ஏறியதையும், வெளியே போகவே மனமில்லை என்று எழுதியதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் குடிப்பதைக் கவனியுங்கள். சிறுத்த இரைப்பை சோற்றைத் தடுக்கும், இனிப்புத் தண்ணியைத் தடுக்காது. முல்லைத்தீவில் இருக்கும் என் மச்சாளுக்கு இரண்டு கரண்டி சோற்றுக்கு மேல் இறங்காது. ஆனால் நாளுக்கு ஐந்து பால்தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி, தொட்டுத் தின்ன விசுக்கோத்து. கொப்பியில் எழுதிப் பார்த்தபோதுதான் அவவுக்கே தெரிந்தது. நீங்களும் ஒரு கிழமை எழுதுங்கள்.

பிறகு கிளினிக்கில் பி12, இரும்புச்சத்து, விற்றமின் டி, தைரொயிட் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைந்தாலே களைப்பும் மனச்சோர்வும் வரும்.

மனச்சோர்வு மருந்துகள் சிலவும் எடையைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம், வேறு மருந்து மாற்றித் தர முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். வவுனியா, கிளிநொச்சி வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு உண்டு. வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினால் கிளினிக் நாள் வரும்வரை இருக்காதீர்கள், உடனே இலங்கையின் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுங்கள்.