பதில்: ஸ்லீப் டெஸ்ட்ல 18, பைலட் மெடிக்கல்ல சொல்லணுமா?

தம்பி, அம்பாசமுத்திரம்னு போட்டிருக்கீங்க, நான் பாளையங்கோட்டைதான். பைலட் லைசென்ஸுக்கான கிளாஸ் ஒன் மெடிக்கல் வருது, ஸ்லீப் ஸ்டடில ஏஹெச்ஐ 18னு வந்துட்டு, ஃபார்ம்ல மறைச்சிரலாமான்னு கேட்டிருக்கீங்க. மறைக்காதீங்க. ஏஹெச்ஐங்கது ஸ்லீப் அப்னியாங்கிற தூக்கத்துல மூச்சு தடைபடுற வியாதிக்கான அளவு, 18னா தூங்கும்போது மணிக்கு 18 தடவ மூச்சு நிக்குது இல்ல குறையுது, 15லருந்து 30 வரை நடுத்தரம், அதுக்கு மேலதான் கடுமைம்பாங்க. 2008ல ஹோனலுலுல கெளம்பின விமானத்துல பைலட் ரெண்டு பேருமே தூங்கி, இறங்கவேண்டிய ஹிலோவத் தாண்டி கடலுக்கு மேல போயிட்டாவ, பொறவு பாத்தா கேப்டனுக்கு இதே வியாதி, கடுமையா. அதான் கறாரா பாக்காங்க.

ஆனா இதுக்காக பறக்குற ஆசைய விடாண்டாம். தூங்கும்போது மாஸ்க் வழியா காத்த அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதைய தொறந்து வைக்குற சிபாப் மெஷின இப்பவே போட ஆரம்பிங்க, எந்த ராத்திரி எத்தன மணி நேரம் போட்டீங்கன்னு அதுவே பதிஞ்சு வச்சிரும், டாக்டருக்கு காட்டவேண்டிய சாட்சி அதுதான். அமெரிக்கால விமானத்துறைய கண்காணிக்குற எஃப்ஏஏ, 75 சதவீத ராத்திரியாவது, சராசரி 6 மணி நேரம் மெஷின் போட்டிருக்கணும்னு கேக்கும், இங்க அதே வேலைய பாக்குற டிஜிசிஏவோட மெடிக்கல் எக்ஸாமினர்ட்ட என்னென்ன பேப்பர் வேணும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. எடை கூடுதல்னா ராத்திரி புரோட்டா சால்னாவ விடுங்க (கஷ்டந்தான், தெரியும்). தாடி இருந்தா மாஸ்க் ஓரத்துல காத்து லீக் ஆவும், மூக்குத் துளைல மட்டும் உக்காருற நேசல் பில்லோ கேட்டு வாங்குங்க.