சித்தப்பா அனுப்பிய லிங்க்

கேள்வி: ஏற்காட்டில் எடுத்த படங்களை கூகுள் போட்டோஸில் ஆல்பமாக்கி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டேன். இப்போது எங்கள் கடைக்கு வரும் ஒருவர், “பகோடா பாயின்ட்ல பாப்பா அழுத படம் அருமை” என்கிறார். அவர் எப்படிப் பார்த்தார்?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: யாராவது ஒரு சித்தப்பா ஃபார்வர்டு செய்திருப்பார். (எங்கள் வீட்டில் அது பெரியப்பா.) லிங்க் கையில் கிடைத்தால் போதும், யாரும் பார்க்கலாம்.

ஆல்பத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போங்கள். லிங்க் ஷேரிங்கை அணையுங்கள். அப்புறம் உறுப்பினர் பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். வேண்டியவர்களை அவரவர் ஜிமெயில் முகவரி போட்டுச் சேர்த்தால் போதும்.

அங்கேயே படத்தின் இடத்தைப் பகிரும் பட்டன் ஒன்று இருக்கும். ஏற்காட்டில் லேடீஸ் சீட் காட்சிமுனை எங்கே என்று ஊருக்கே தெரியும், அது போகட்டும். கிளம்பும் முன் வாசலில் நின்று ஒரு படம் எடுத்திருப்பீர்களே, அது உங்கள் வீட்டையே காட்டிக்கொடுக்கும். அதையும் அணைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே சேமித்துக்கொண்டவர் போனில் இருக்கும் படம் இதனால் போகாது. அந்தக் கடை வாடிக்கையாளரிடம் நேரிலேயே கேட்டு அழிக்கச் சொல்லுங்கள். சித்தப்பாவிடமும்தான்.